ப்ளஸ் ஒன் சேரும்போதே பாதி சீட் முடிவாகிவிடுகிறது

"ஏனுங், நூத்தி எம்பத்தொண்ணு கட்-ஆஃப்புங்க. எந்தக் காலேஜுங்க கெடைக்கும்?"

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கடையில் இந்தக் கேள்விதான். கருமத்தம்பட்டியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். வருஷம் முழுக்க வருமானச் சான்று, பட்டா மாறுதல், ரேஷன் கார்டு திருத்தம். ரிசல்ட் வந்த நாளிலிருந்து மட்டும் வேலையே வேறு. தறி ஓட்டுகிறவர், பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறவர், அவிநாசி ரோட்டில் பேக்கரி வைத்திருப்பவர் என்று எல்லோரும் பிள்ளையின் மார்க் ஷீட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும் ஐந்நூறு ரூபாய் கட்டணத்தைவிட, "நல்ல காலேஜ் கெடைக்குமா?" என்பதற்கான பதில்தான் அவர்களுக்கு முக்கியம்.

இத்தனை பேருக்குப் பதில் சொல்லிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மே மாதம் வருகிற மார்க், வரிசையில் எத்தனையாவது ஆளாக நிற்கிறோம் என்பதைத்தான் சொல்லும். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது இரண்டு வருஷம் முன்னால், ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்றே முடிவாகிவிட்டது. நம் ஊர்ப்பக்கம் இதைப் புரிய வைப்பது சுலபம். பாவில் எத்தனை இழை இருக்கிறதோ அதுதான் துணியின் அகலம். தறியில் ஏற்றிய பிறகு ஊடை நூலை எவ்வளவு ஓட்டினாலும் துணி நீளும், அகலம் கூடாது.

முதலில் கணக்கு

கட்-ஆஃப் கணக்கு தெரியாமலே பல பேர் ப்ளஸ் டூ-வை முடித்துவிடுகிறார்கள். கணிதம் நூற்றுக்கு நூறு அப்படியே. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. தமிழும் ஆங்கிலமும் இதில் சேராது. கம்ப்யூட்டர் சயின்ஸும் உயிரியலும் சேராது.

ஒரு பெண் கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியிருக்கிறாள். 92, 44, 45 கூட்டினால் 181. அவளுடைய தோழி கணிதத்தில் 88, இயற்பியலில் 92, வேதியியலில் 90. மூன்று பாடத்தின் மொத்தம் இருவருக்கும் 270 தான். ஆனால் தோழியின் கட்-ஆஃப் 179. இரண்டு மார்க்கில் என்ன வந்துவிடும் என்று கேட்கக் கூடாது. நடு வரிசையில் இரண்டு மார்க் இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் நிற்பார்கள்.

இன்னொன்று. இயற்பியல், வேதியியல் தேர்வு எழுதுவது 70 மார்க்குக்குத்தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. கணிதத்தில் 90-க்கு எழுத்துத் தேர்வு, 10 அகமதிப்பீடு. அகமதிப்பீட்டில் வருகைப் பதிவும் சேரும். "மார்ச்சில பாத்துக்கலாம்" என்று டிசம்பர் வரை லீவு போடுகிற பையன் பரீட்சை ஹாலுக்குள் போகும் முன்பே ஓரிரு மார்க்கை வைத்துவிட்டுப் போகிறான்.

இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால்? முதலில் கணித மார்க் பார்ப்பார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். அதற்கடுத்து நான்காவது பாடம். அதுவும் தீரவில்லையென்றால் இன்னும் சில படிகள் தாண்டி, கடைசியில் ரேண்டம் எண். கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் கட்-ஆஃப்பில் வராதே என்று அலட்சியமாக இருந்தவனை அது இந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

மார்க் ஏறினாலும் ரேங்க் ஏறாது

2025-ல் கடைக்கு வந்த பல அப்பாக்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "அவுங்க அக்கா போன வருசம் இவனவிட ரெண்டு மார்க் கம்மிங்க. அவளுக்குக் கெடச்ச காலேஜ் இவனுக்கு ஏன் கெடைக்கல?"

காரணம் வேதியியல். 2024-ல் ப்ளஸ் டூ வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 471 பேர். 2025-ல் 3,181 பேர். இயற்பியலிலும் 633 என்பது 1,125 ஆனது. கணிதத்தில் 2,587 என்பது 3,022. இந்த மூன்றும் சேர்ந்து தரவரிசைப் பட்டியலின் உச்சியை மாற்றிவிட்டன. 2024-ல் 200-க்கு 200 கட்-ஆஃப் வைத்திருந்தவர்கள் 65 பேர். 2025-ல் 144 பேர். உச்சியில் நெரிசல் ஏற்பட்டால் அது படிப்படியாகக் கீழே இறங்கும். அக்காவின் 185-ம் தம்பியின் 187-ம் வேறு வேறு வருஷத்து நாணயம். ஒன்றை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது.

அதனால்தான் போன வருஷத்துக் கட்-ஆஃப் பட்டியலை வைத்துக்கொண்டு சாய்ஸ் கொடுக்காதீர்கள் என்கிறேன். தரவரிசைப் பட்டியல் வந்த பிறகு ரேங்க்கைப் பாருங்கள். போன வருஷம் உங்கள் பிரிவில் அந்த ரேங்க்குக்கு எது கிடைத்தது என்று தேடினால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரலாம்.

எந்தக் குரூப், எந்தக் கதவு

இனி மார்க்கைவிட முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்தாவது ரிசல்ட் வந்து ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பையன் எடுத்ததைப் பார்த்து, குரூப் எடுத்துவிடுகிறோம்.

கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் பொறியியல், மருத்துவம், வேளாண்மை என்று எல்லாமே திறந்திருக்கும். சுமையும் அதில்தான் அதிகம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் பொறியியல் உண்டு. மருத்துவம் கிடையாது என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், உயிரியலைப் பிறகு கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று தளர்த்தியது. தாவரவியல், விலங்கியல் எடுத்து கணிதத்தை விட்டவர்களுக்கு நர்சிங், பாராமெடிக்கல், வேளாண்மை எல்லாம் உண்டு, பொறியியல் கலந்தாய்வு மட்டும் கிடையாது. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியலில் தனி ஒதுக்கீடும், தனிக் கட்-ஆஃப் கணக்கும் இருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

கணிதத்துக்குப் பயந்து அறிவியல் பிரிவு எடுத்த ஒரு பெண், நீட்டில் மார்க் போதாமல், "பயோமெடிக்கல் இன்ஜினியரிங் போடுங்கண்ணா, அதுல பயோ இருக்குல்ல" என்று வந்து நின்றாள். பெயரில் பயோ இருக்கிறது. ஆனால் உள்ளே போக கணிதம் வேண்டும். ப்ளஸ் டூ-வில் நல்ல மார்க். அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு போக அந்தக் கதவு மட்டும் இல்லை. 2021-ல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் கட்டாயமில்லை என்கிற மாதிரி ஒரு கையேடு வெளியிட்டுப் பெரிய சர்ச்சையானது. அதை நம்பி இன்னும் கேட்பவர்கள் உண்டு. நம் மாநிலக் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் என்ற கணக்குதான் ஓடுகிறது.

நம்ம பக்கத்துக் கதை ஒன்று

நாமக்கல், ராசிபுரம், ஈரோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளின் புகழ் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். தென் மாவட்டத்திலிருந்தெல்லாம் பெட்டி படுக்கையோடு கொண்டுவந்து விடுவார்கள். அவற்றில் பலவற்றில் ஒரு காலத்தில் ப்ளஸ் ஒன் பாடத்தையே தொடமாட்டார்கள். சேர்ந்த நாளிலிருந்து ப்ளஸ் டூ புத்தகம்தான். ஒரே புத்தகத்தை இரண்டு வருஷம் மாவாட்டினால் மார்க் வராமல் எங்கே போகும்?

2006-ல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி சட்டம் வந்து, 2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லாமல் போனது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல்தான். ஆனால் எல்லாப் பாரமும் ப்ளஸ் டூ மார்க் மேல் வந்து விழுந்ததும் ப்ளஸ் ஒன் அநாதையானது. அதைச் சரிசெய்யத்தான் 2017-18-ல் ப்ளஸ் ஒன்-க்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அப்போது பள்ளிக்கல்வி அமைச்சர் நம்ம கோபிச்செட்டிபாளையத்துச் செங்கோட்டையன். முதலில் இரண்டு வருஷ மார்க்கும் சேர்த்து 1,200 என்றார்கள். 2018 செப்டம்பரில், உயர்கல்விக்கு ப்ளஸ் டூ-வின் 600 மட்டும் போதும் என்று மாற்றினார்கள். தேர்வு இருந்தது, ஆனால் அந்த மார்க்குக்குக் கலந்தாய்வில் விலை இல்லை. கடைசியாக 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற அழுத்தம் குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை. பழைய பழக்கம் திரும்பி வந்துவிடுமோ என்ற கவலைதான். ஜே.இ.இ., நீட் கேள்வித்தாளில் கிட்டத்தட்ட பாதி ப்ளஸ் ஒன் பாடம். அது போகட்டும், பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்திலும் இயற்பியலிலும் ப்ளஸ் ஒன் அடித்தளத்தைத்தான் தேடுவார்கள். 190-க்கு மேல் கட்-ஆஃப் வைத்துக்கொண்டு நல்ல கல்லூரியில் சேர்ந்து, முதல் செமஸ்டரிலேயே அரியர் வைத்துவிட்டு வருகிற பையன்களை இந்த ஊரிலேயே பார்க்கிறேன்.

பள்ளி மாற்றும் முன் ஒரு நிமிஷம்

எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற விஷயம் இது. பிள்ளை பத்தாவது வரை அரசுப் பள்ளி. மார்க் நன்றாக வந்துவிடும். உடனே சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். "நல்லாப் படிக்கிற புள்ளைய அங்கயே விடுவீங்களா? ஹாஸ்டல்ல சேத்துங்." கடன் வாங்கி ப்ளஸ் ஒன்-க்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள்.

அந்த ஒரு மாற்றத்தில் என்ன போகிறது என்று யாரும் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதில்லை. 2021-ல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது. பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் வராது. பத்தாவதோடு வெளியே போய்விட்டால் ஐந்து வருஷம் அரசுப் பள்ளியில் படித்ததற்குக் கணக்கே கிடையாது.

மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தொடங்கி வைத்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் இதே பள்ளிக் கணக்கைத்தான் பார்க்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அவை உண்டு.

7.5 ஒதுக்கீட்டில் ஒரு நல்ல கல்லூரியின் இடம் நிரம்பும் கட்-ஆஃப், பொதுப் போட்டியில் நிரம்புவதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி கீழேதான் இருக்கும். ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்து பத்துப் பதினைந்து கட்-ஆஃப் கூடுதலாக எடுக்க வைத்து, அதற்கு லட்சக்கணக்கில் செலவும் செய்து, பிறகு காலேஜுக்கும் ஃபீஸ் கட்டி, கடைசியில் அதே கல்லூரியில் போய்ச் சேருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாஸ்டல் பள்ளியே தப்பு என்று சொல்ல வரவில்லை. பக்கத்து அரசுப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்லை என்றால் வேறு என்ன செய்வது? ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

முன்கூட்டியே வரும் சீட்டு

பிப்ரவரி, மார்ச்சிலேயே "சீட் கெடச்சிருச்சுங்க" என்று சந்தோஷமாக வருகிறவர்கள் இன்னொரு ரகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதியிருப்பான், அல்லது தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் அட்வான்ஸ் கட்டியிருப்பார்கள். அதோடு பையனுக்குப் படிப்பு முடிந்துவிடுகிறது. பொதுத்தேர்வு சும்மா சம்பிரதாயம் என்று ஆகிவிடும்.

அந்தக் கடிதத்தின் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். எட்டிமடையில் இருக்கும் அமிர்தாவில் பி.டெக். சேர கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 55-ம் வேண்டும். வி.ஐ.டி.யிலும் பொதுப்பிரிவுக்கு இந்த மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம். என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ.யில் எவ்வளவு நல்ல ரேங்க் இருந்தாலும் ப்ளஸ் டூ-வில் 75 சதவீதம், அல்லது அந்த போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கையில் இருக்கும் சீட்டு, ப்ளஸ் டூ மார்க் வரும் வரை தற்காலிகம்தான்.

வெளிநாட்டிலும் இதே கதை, கொஞ்சம் கறாராக. திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற குடும்பங்களிலிருந்து பிரிட்டனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வருகிற கடிதம் பெரும்பாலும் நிபந்தனையோடுதான் வரும். இந்தப் பாடத்தில் இந்த மார்க் வந்தால் சீட், வராவிட்டால் இல்லை. அமெரிக்காவில் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருஷ மார்க்கையும் பார்ப்பார்கள். கடைசி வருஷத்தில் என்னென்ன பாடம் படிக்கப் போகிறாய் என்பதும் விண்ணப்பத்திலேயே போய்விடும். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு கஷ்டமான கால்குலஸை விட்டுவிட்டு லேசான பாடத்துக்கு மாறினால் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும். ஜூனில் இறுதி மார்க் பட்டியல் போகும். அதில் பெரிய சறுக்கல் இருந்தால் விளக்கம் கேட்பார்கள், கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் அவசரப்பட்டுச் சேர்ந்தவர்களுக்கு இங்கே இன்னொரு இழப்பு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குத்தான். ஜூலையில் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்து, கட்டிய அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி மாணவர் பக்கம்தான் இருக்கிறது. உரிய தேதிக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒரிஜினல் சான்றிதழை வைத்துக்கொண்டு இழுத்தடிக்கவும் கூடாது. ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

2021 சொன்ன பாடம்

முந்தைய வகுப்பு மார்க் எதற்கும் உதவாது என்று நினைப்பவர்களுக்கு 2021-ஐ நினைவுபடுத்துவேன். கொரோனாவால் ப்ளஸ் டூ தேர்வையே ரத்து செய்தார்கள். மார்க் எங்கிருந்து வந்தது? பத்தாவதிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்-லிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. பத்தாவதில் ஏனோதானோ என்று எழுதிவிட்டு ப்ளஸ் டூ-வில் மாங்கு மாங்கென்று படித்தவன் கதி என்ன? அதற்கு முந்தைய வருஷம் இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கணித்த மதிப்பெண்களில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் கணினிச் சூத்திரம் கீழே இறக்கிவிட, பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். நாலே நாளில் அரசு பின்வாங்கியது. இப்படிப்பட்ட வருஷம் இனி வராமலே போகலாம். ஆனால் வந்தபோது, எல்லா வருஷமும் ஒரே மாதிரி படித்த பிள்ளைகள்தான் தப்பித்தார்கள்.

மார்க் வந்த பிறகு செய்ய முடிவது

ரொம்பக் கொஞ்சம், ஆனால் உண்டு. எதிர்பார்த்ததைவிட மார்க் குறைந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்குங்கள். பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யுங்கள். கணிதத்தில் ஒரு மார்க் ஏறினாலும் அது கட்-ஆஃப்பில் முழு ஒன்று. ஒரு பாடத்தில் போய்விட்டால் வருஷமே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். துணைத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கென்று கடைசியில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது.

கலந்தாய்வில் இடம் ஒதுக்கியதும் ஏற்றுக்கொண்டு சேரலாம். ஏற்றுக்கொண்டே, பட்டியலில் மேலே இருக்கும் விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். அதைத்தான் எல்லோரும் "அப்வேர்ட்" என்கிறார்கள். மேலே இருப்பது கிடைத்துவிட்டால் பழைய இடம் திரும்ப வராது. அதனால் கிடைத்தால் சந்தோஷமாகப் போவேன் என்று உறுதியாகத் தோன்றுகிற கல்லூரியை மட்டும் மேலே போடுங்கள். பெயருக்காக எதையோ மேலே போட்டுவிட்டு, அது கிடைத்ததும் அழுதுகொண்டு கடைக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு.

இந்த வருஷம் ப்ளஸ் ஒன் சேர்த்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் பிள்ளையின் இயற்பியல், கணித நோட்டைப் புரட்டிப் பாருங்கள். உங்களுக்குப் பாடம் புரிய வேண்டியதில்லை. புத்தகத்தின் அட்டையில் பதினொன்று என்று போட்டிருக்கிறதா, நோட்டில் அந்தப் பாடத்தின் தலைப்புகள் வரிசையாக வருகின்றனவா என்று பார்த்தால் போதும். வரவில்லையென்றால் அடுத்த நாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். நீங்கள் ஒருவர் கேட்டால் சமாளித்து அனுப்புவார்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து போய்க் கேட்டால் பாடம் நடத்துவார்கள்.